கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால்?

பழைய பொருள் ஒன்றை விற்கிறோம். அதில் பழுது இருக்கிறது. வாங்க வந்தவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அவர் எதுவும் கேட்கவில்லை. நாமாக வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா?

"ஆமா, சொல்லணும்" என்று பதில் சொல்வது ரொம்ப சுலபம். சமய வகுப்பில் கைதூக்கிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் விற்கிற பொருள் நம்முடையதாக இருந்து, வரப்போகிற பணம் நம் வீட்டுக்குத் தேவைப்படும்போது அந்தப் பதில் அவ்வளவு வேகமாக வருவதில்லை. "அவர்தான் கேக்கலையே!" என்ற ஒரு வார்த்தை குறுக்கே வந்து நின்றுகொள்கிறது. அந்த வார்த்தைக்கு உண்மையிலேயே எவ்வளவு பலம் இருக்கிறது என்று நாம் சேர்ந்து பார்ப்போமே.

பொதுவாகப் பேசினால் விஷயம் காற்றில் போய்விடும். அதனால் எங்கள் வீட்டுப் பாட்டுப்பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1960-களில் அவர் வாங்கிய ரெக்கார்டு பிளேயர் ஒன்று, கைப்பிடி வைத்து, சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகும் வகை, பல வருடங்களாக எங்கள் வீட்டு அலமாரி மேல் இருந்தது. இந்தத் தவணைக் கல்விக் கட்டணத்தில் கொஞ்சம் பணம் குறைந்தபோது, "சும்மாதானே தூசி பிடிச்சிக் கிடக்கு, வித்துடலாம்" என்றார் அம்மா. நான் மின்னியல் பொறியியல் படிக்கிறேன். அதனால் திறந்து பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே வட்டத் தட்டு சுழன்றது. பார்க்கிற யாருக்கும் "நல்லாத்தான் ஓடுது" என்று தோன்றும். ஆனால் உள்ளே நான்கு கோளாறுகள் இருந்தன.

முதலாவது, மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டுபோகும் சின்ன ரப்பர் சக்கரம் காய்ந்து இறுகிவிட்டது. ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததால் ஒரு பக்கம் தட்டையாகவும் ஆகிவிட்டது. இதனால் வேகம் சீராக இருக்காது. பாட்டு இழுத்து இழுத்துப் போகும்.

இரண்டாவது, ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் கார்ட்ரிட்ஜ். அந்தக் காலத்து மலிவான பிளேயர்களில் இதற்குள் ரோஷெல் உப்பு என்ற படிகத்தை வைத்தார்கள். அந்த உப்புக்கு ஈரப்பதம் ஆகாது. நம் நாட்டு ஈரக் காற்றில் ஐம்பது அறுபது வருடம் கிடந்தால் என்ன ஆகும்? எங்கள் பெட்டியில் சத்தம், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரிதான் வந்தது.

மூன்றாவது, ஊசி. பழைய 78 சுற்றுத் தட்டுகளின் கோடுகள் அகலமானவை. அவற்றுக்கான ஊசிமுனை ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு. 1948-இல் வந்த 33⅓ சுற்று நெடுந்தட்டுகளுக்கும் 1949-இல் வந்த 45 சுற்றுத் தட்டுகளுக்கும் கோடு நுண்ணியது. அவற்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான். எங்கள் பெட்டியில் இருந்தது திருப்பிப் போடுகிற இரட்டை ஊசி. உருப்பெருக்கியில் பார்த்தபோது நுண்ணிய பக்கத்து முனை தேய்ந்து உளி மாதிரி ஆகியிருந்தது.

நான்காவது, மின்சாரம். உள்ளே மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டின் ஒரு கம்பி நேராக இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பிளக்கில் கம்பிகளை மாற்றிப் போட்டுவிட்டால் அந்தச் சட்டம் முழுக்க மின்சாரம்தான். போதாக்குறைக்கு, கம்பியின் மேலுறை வெடித்துப் போயிருந்தது.

இப்போது மறுபடியும் கேள்வி. விளக்கு எரிகிறது, தட்டு சுழல்கிறது. வருகிறவர் பார்த்துவிட்டு "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால்?

மாமாவின் வாதம்

எங்கள் மாமா வியாபாரம் தெரிந்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது முட்டாள்தனமான வாதம் அல்ல.

"அறுபது வருஷத்துப் பொருள்டா அது. பழுது இருக்கும்னு வாங்கறவனுக்குத் தெரியாதா? அதுக்குத்தானே விலையைக் குறைச்சி வைக்கிறோம். அவன் கண்ணு இருக்கு, காது இருக்கு, போட்டுப் பாக்கட்டும். கேட்டா பொய் சொல்லாதே. கேக்காட்டி நீ ஏன் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்க?"

இதில் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவர் குழந்தை இல்லை. அவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சட்டமும் கிட்டத்தட்ட மாமா பக்கம்தான் நிற்கிறது.

நம் நாட்டு 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு எது ஏமாற்று என்பதை விளக்குகிறது. தெரிந்தே பொய் சொல்வது ஏமாற்று. குறையை வேண்டுமென்றே மூடி மறைப்பதும் ஏமாற்று. ஆனால் சும்மா பேசாமல் இருப்பது பொதுவாக ஏமாற்று ஆகாது. அதற்கு அந்தப் பிரிவிலேயே ஒரு குதிரைக் கதை உதாரணமாக இருக்கிறது. ஒருவர் தன் குதிரை நலமாக இல்லை என்று தெரிந்தும், ஒன்றும் சொல்லாமல் அதை ஏலத்தில் விற்கிறார். இது ஏமாற்று அல்ல என்கிறது சட்டம்.

மாமா இதைக் கேட்டிருந்தால் மீசையை முறுக்கியிருப்பார். ஆனால் அதே இடத்தில் அடுத்த உதாரணமும் இருக்கிறது. குதிரையை வாங்குவது அவருடைய சொந்த மகள். அப்போதுதான் வயதுக்கு வந்தவளாகச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் பருவத்தை எட்டியவள். இப்போது, அந்த உறவின் காரணமாகவே, குறையைச் சொல்வது தகப்பனின் கடமை ஆகிவிடுகிறது.

குதிரை அதே குதிரை. குறையும் அதே குறை. மாறியது என்ன?

மகளும், "அண்ணே"யும்

மகள் தகப்பனை நம்புகிறாள். அவர் பேசாமல் இருந்தால் "ஒண்ணும் இல்ல போல" என்று எடுத்துக்கொள்வாள். அவளிடம் தகப்பனின் மௌனம் ஒரு பேச்சு மாதிரி வேலை செய்கிறது. அதனால்தான் அங்கே மௌனத்துக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. அப்படியானால் கடமையைக் கொண்டுவருவது ரத்தம் அல்ல, நம்பிக்கை.

இப்போது நம் ஆட்கள் வியாபாரம் செய்கிற விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பசார் மாலாமில் ஆகட்டும், கைப்பேசிச் செய்தியில் ஆகட்டும், நாம் யாரையாவது வெறும் 'வாங்குபவர்' என்று கூப்பிடுகிறோமா? "அண்ணே, நம்பி எடுத்துட்டுப் போங்க", "அக்கா, உங்களுக்காகத்தான் இந்த விலை", "அங்கிள், நம்ம ஆளுங்கதானே". பேரம் பேசும் முதல் நிமிடத்திலேயே முன்பின் தெரியாதவரை உறவாக்கிவிடுகிறோம். ஏன்? உறவு என்றால் சந்தேகப்பட மாட்டார். நோண்டி நோண்டிக் கேட்க மாட்டார்.

என் வாதம் இதுதான். ஒருவரை "அண்ணே" என்று கூப்பிட்டு அவருடைய சந்தேகத்தைக் கரைத்தால், அண்ணனுக்குச் செய்ய வேண்டிய கடமையும் அந்த வார்த்தையோடு சேர்ந்து வந்துவிடுகிறது. விலை பேசும்வரை அண்ணன், பழுதைச் சொல்லும் நேரத்தில் அந்நியர் என்று வைத்துக்கொள்ள முடியாது. அந்நியராகவே நடத்தி விற்கவேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "நான் எதுக்கும் பொறுப்பில்ல, நீங்களே பிரிச்சிப் பாத்துக்கோங்க." அதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறக்க ஸ்குரூ டிரைவரையும் கையில் கொடுக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்?

பாதி உண்மை

"சரி, நான் பொய் எதுவும் சொல்லலையே. விளக்கு எரியுது, தட்டு சுத்துதுன்னு மட்டும்தானே எழுதினேன்?" என்று ஒருவர் கேட்கலாம்.

மகாபாரதத்தில் தர்மர் சொன்னதும் எழுத்துக்கு எழுத்து பொய் அல்ல. அசுவத்தாமன் என்ற யானை செத்தது உண்மைதான். ஆனால் துரோணர் எதைப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே அது சொல்லப்பட்டது. அதுவரை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர் அன்றைக்குத் தரையைத் தொட்டுவிட்டது என்கிறது கதை. போர் என்ற அவ்வளவு பெரிய காரணம் இருந்தும் தேர் இறங்கிவிட்டது. நமக்கு இருப்பதோ சில நூறு ரிங்கிட் காரணம்.

பழைய பொருள் விளம்பரங்களில் மூன்று வாசகங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். "உள்ளது உள்ளபடி" என்பது ஒன்று. தெரிந்த குறைகளை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இதைச் சேர்த்தால் நேர்மை. குறைகளுக்குப் பதிலாக இதை மட்டும் எழுதினால் அது திரை.

"சோதிக்கவில்லை, வீட்டில் இசைத்தட்டு இல்லை" என்பது இரண்டாவது. உண்மையிலேயே சோதிக்காதவர் எழுதினால் பரவாயில்லை. போட்டுக் கேட்டுவிட்டு, சத்தம் சரியில்லை என்று தெரிந்தபிறகு எழுதினால் அது முழுப் பொய். அடக்கம் மாதிரி வேஷம் போட்டு வருவதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

"சின்ன வேலைதான், ஒரு ரப்பர் மாத்தினா போதும்" என்பது மூன்றாவது. என்னைப் போல் பொறியியல் படிக்கிறவர்கள் இதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் சொன்னால் மக்கள் நம்பிவிடுவார்கள். அவ்வளவு சின்ன வேலை என்றால் நாமே மாற்றிவிட்டு நல்ல விலைக்கு விற்கலாமே? ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

230 ரிங்கிட் எதற்கு விலை?

'ஓடுகிற பிளேயர்' என்று போட்டால் 350 ரிங்கிட் கேட்கலாம் என்று மாமா கணக்குப் போட்டார். பழுதை எல்லாம் எழுதினால் 120 தேறும் என்பது என் கணக்கு. வித்தியாசம் 230 ரிங்கிட். அந்த 230 எந்தப் பொருளுக்கான விலை? இரண்டு விலையிலும் பெட்டி ஒன்றே, தாத்தாவின் கைப்பிடி ஒன்றே. கூடுதலாக வருகிற தொகை, வாங்குகிறவருக்கு விஷயம் தெரியாது என்பதற்கு மட்டும் கிடைக்கிற பணம். அந்தத் தெரியாமையை நாம் செய்யவும் இல்லை, சொந்தமாக வைத்திருக்கவும் இல்லை. அதை எப்படி விற்க முடியும்?

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001-இல் நோபெல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவர் காட்டியது இது: எந்தக் கார் நல்லது, எது பழுது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது பழுதுகள்தான். ஆக, நாம் பேசாமல் இருந்தால் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் அல்ல. நல்ல பொருளை நேர்மையாக விற்க வந்தவரையும் நாம் துரத்திவிடுகிறோம்.

எல்லை எங்கே?

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? "பக்கத்துக் கடையில இதைவிட மலிவா கிடைக்குது" என்றுகூடவா?

அது தேவையில்லை என்று நினைக்கிறேன். மேலே சொன்ன சட்டப் பிரிவில் வியாபாரிகள் இருவரைப் பற்றியும் ஓர் உதாரணம் உண்டு. விலை மாறப்போகும் செய்தி ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அதை மற்றவருக்குச் சொல்லும் கடமை இல்லை. எனக்கு இது சரியாகப் படுகிறது. சந்தை விலையை யார் வேண்டுமானாலும் தேடித் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எங்கள் பெட்டியின் இரும்புச் சட்டம் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை வாசலில் பத்து நிமிடம் நிற்கிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அது எனக்குத் தெரிந்ததே பொருள் என் கையில் இருந்ததால்தான். பொருளோடு வந்த அறிவு பொருளோடு போக வேண்டும். இதுதான் நான் போடுகிற கோடு.

இதைத் திருப்பிப் போட்டால் சிக்கலாகிறது. பழைய சாமான் சந்தையில் ஒரு பாட்டி அரிய பிளேயர் ஒன்றை 20 ரிங்கிட்டுக்கு வைத்திருக்கிறார். அதன் மதிப்பு பல நூறு என்று நமக்குத் தெரியும். சொல்ல வேண்டுமா? நாம் கஷ்டப்பட்டுப் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்தானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. பாட்டியின் முகத்தைப் பார்த்தால் இன்னொரு பக்கம் தோன்றுகிறது. "இது எவ்வளவு போகும் தம்பி?" என்று அவர் கேட்டுவிட்டால் பொய் சொல்லக்கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதி. கேட்காதபோது என்ன செய்வது என்பதை இளைஞர் கூட்டத்தில் விவாதித்துப் பாருங்கள், சுவையாக இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் விவாதமே கிடையாது. ஆளைக் கொல்லக்கூடிய குறைக்கு விலை குறைப்பு பதில் ஆகாது. "ஷாக் அடிக்கும், அதனால 50 வெள்ளி கழிச்சிக்கிறேன்" என்று சொல்ல முடியுமா? வாங்கினவர் கேட்டுக்கொண்டாலும், அவர் வீட்டுப் பேரப்பிள்ளை கேட்டுக்கொள்ளவில்லையே. எங்கள் பெட்டியின் பிளக்கை நான் வெட்டி எடுத்துவிட்டேன். உள்ளே ஏன் வெட்டினேன் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்.

அதன்பிறகு நடந்தது

நான்கு குறைகளையும் எழுதி விளம்பரம் போட்டோம். ஷா ஆலாமிலிருந்து ஓர் அம்மா வந்தார். விளம்பரத்தைச் சரியாகப் படிக்கவில்லை. படம் பிடித்திருந்ததால் வந்துவிட்டார். காலமான கணவர் சேர்த்து வைத்த நெடுந்தட்டுகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன, ஒரு தடவையாவது போட்டுக் கேட்க வேண்டும் என்றார். பணத்தைப் பையிலிருந்து எடுத்தும்விட்டார். பழுதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆன்ட்டி, இந்த ஊசியில உங்க தட்டைப் போட்டீங்கன்னா, கோட்டைச் சுரண்டிடும். அப்புறம் எந்த நல்ல பிளேயர்ல போட்டாலும் பழைய சத்தம் வராது" என்றேன்.

அவர் வாங்காமல் போய்விட்டார். அம்மா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் உண்டு; கட்டணம் கட்ட வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து, பழைய வானொலிகளைப் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகச் செய்யும் ஒருவர் 120 ரிங்கிட் கொடுத்து எடுத்துப் போனார். மீதியை வார இறுதி டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். சொன்னதற்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. நஷ்டம் நஷ்டம்தான்.

ஆனால் அந்த அம்மாவின் விஷயத்தில் ஒன்று தெளிவானது. 350 ரிங்கிட்டை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். சுரண்டிப்போன தட்டின் கோட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. விற்கிற பொருளின் பழுது அந்தப் பொருளோடு நின்றுவிடுவதில்லை. அது போய்ச் சேர்கிற வீட்டில் வேறு எதையோ தொடுகிறது. அது என்ன என்று நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாததால்தான், சொல்லுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது.

தவத்தில் பெருமை கொண்ட ஜாஜலி முனிவர், தலையில் பறவை கூடு கட்டும் அளவுக்கு அசையாமல் நின்றவர், தர்மம் கேட்கப் போனது காசியில் கடை வைத்திருந்த துலாதாரரிடம். காட்டில் கிடைக்காதது தராசுக்குப் பக்கத்தில் கிடைத்தது. தராசில் ஒரு பக்கம் நம் பணம் இருக்கும்போதுதான் நம் நேர்மையின் எடை தெரியும் என்று நான் அந்தக் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர்களே, நம்மில் பலர் இனி பழைய மோட்டார் சைக்கிளையும் மடிக்கணினியையும் கைப்பேசியையும் விற்கத்தான் போகிறோம். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், வண்டி எங்கே விழுந்து அடிபட்டது என்பது நமக்குத் தெரிந்திருக்கும். "நாளைக்குக் கோயில்ல எதிர்ல வந்தா என்ன செய்யறது?" என்று பயந்து சொல்ல வேண்டாம், அது மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம்தான். அதற்குப் பதில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்: "இதைச் சொன்னா நீங்க வாங்க மாட்டீங்க, அதனாலதான் சொல்லல." இதை வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் பேசாமல் இருங்கள். முடியவில்லை என்றால், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.